எங்கே என்று கேட்டால்

தரை ஆடுகிறது. இல்லை, தரை ஆடவில்லை, நான்தான் ஆடுகிறேன், தெரியும். மாதக்கணக்கில் படகிலேயே உண்டு படகிலேயே உறங்கியவனைக் கம்பளம் விரித்த ஒரு ஹாலில் கொண்டுவந்து உட்கார வைத்தால் உடம்பு அலையைத் தேடத்தான் செய்யும், அதற்காகப் பக்கத்தில் இருந்த இந்தப் பெண் இரண்டு நாற்காலி தள்ளிப்போய் உட்கார வேண்டியதில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். அல்லது மீன் வாடையாக இருக்கும். காலையில் ஷாம்பூ போட்டுக் கையைக் கழுவினேன், இன்ஜின் ரூமில் இருக்கும் சோப்பைப் போட்டுக் கழுவினேன், கடைசியில் எலுமிச்சம்பழத்தை அறுத்து நகக்கண்ணெல்லாம் தேய்த்தேன், இப்போது என் கை எலுமிச்சை பிழிந்த மீனாக மணக்கிறது. மணக்கட்டும். மீன் பிடிக்கிறவன் கை பிறகு என்ன மல்லிகைப்பூவாகவா மணக்கும். இந்தப் பெண்ணும் இன்றைக்கு மத்தியானம் இதே மீனைத்தான் பொரித்துத் தின்பாள். சுவரில் ஒரு கடிகாரம், அதற்குக் கீழே சிரித்துக்கொண்டிருக்கும் ஆட்களின் படம், எல்லாரும் இங்கிலீஷ் பரீட்சையில் தேறியவர்களாம். அப்படி ஒரு சிரிப்பு எனக்கு வராது. எழுதுவது, வாசிப்பது, கேட்பது எல்லாம் போன தடவையே தேறிவிட்டேன், பேச்சில்தான் விழுந்தேன். பேச்சில் தேறினால் எங்கள் படகின் ஸ்கிப்பர் கேலம் என் பெயருக்கு ஸ்பான்சர் போடுவார், நான் ஊருக்குப் போய் முறையான வேலை விசாவில் திரும்பி வரலாம், மனைவி மெற்றில்டாவையும் பிள்ளையையும் பின்னால் கூப்பிட வழி பார்க்கலாம். தேறாவிட்டால் இந்த ஒப்பந்தம் முடிகிற அன்றைக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், அந்த ஸ்பான்சர் வேறு ஆளுக்குப் போய்விடும். அதை அவர் ஒளிக்காமல் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, படகுக்கு ஆள் வேண்டும்.

இப்போது என் கையில் இருக்கிற விசா என்னவென்றால், நான் இந்த நாட்டு வழியாகக் கடலுக்குப் போகிறவன், அவ்வளவுதான். விமானத்தில் இறங்கினேன், படகில் ஏறினேன். வேலை கடலில். கரையில் தங்க அனுமதி இல்லை, படகு துறைமுகத்துக்கு வந்து கட்டினாலும் எனக்கு வீடு படகுதான். ஸ்காட்லாந்தில் இருக்கிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள், ஸ்காட்லாந்தை நான் ரயில் ஜன்னலில் பார்க்கிற மாதிரிதான் பார்த்திருக்கிறேன், மீன் இறக்குகிற மேடை, ஐஸ் ஏற்றுகிற குழாய், அதற்கு அப்பால் ஒரு மேடு, மேட்டின்மேல் விளக்கெரிகிற வீடுகள். அந்த வீடுகளில் ஒன்றில் யாரோ எப்போதும் மஞ்சள் திரை போட்டிருப்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னால் என்ன சமைக்கிறார்கள் என்றுகூடப் பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றைக்கு இங்கே வருவதற்கே ஏஜென்ட் எங்கெங்கோ பேசி அனுமதி வாங்கினார், ஸ்கிப்பர் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார், வெளியே வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்கும்போது என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “பேசுடா பில், வாயைத் திறந்து பேசு, அது போதும்” என்றார். பிலவேந்திரன் என்கிற பெயர் அவர் வாயில் பில் ஆகிவிட்டது. இந்த ஹாலில் அதுவும் இல்லை, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்திருப்பதால் உள்ளே நுழைந்ததும் மேசைக்காரர் என்னை மிஸ்டர் சேசடிமை என்றார், செத்துப்போன மனிதர் எங்கே வந்தார் என்று நான் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தேன்.

பேசத் தெரியாதவனா நான். ஸ்கிப்பரிடம் பேசுகிறேன், ஐஸ்காரனிடம் பேசுகிறேன், வலை சிக்கினால் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கத்துகிறேன். ஆனால் அது ஸ்கிப்பரின் இங்கிலீஷ், ஆமாம் என்பதற்கு ஆய் என்பார், சின்னது என்பதற்கு வீ என்பார், மிச்சமெல்லாம் கெட்ட வார்த்தை. போன தடவை உள்ளே பரீட்சை வைத்த அம்மாவிடம் நான் ஆய் என்று சொன்னதும் அவள் புருவம் ஒரு ஏறு ஏறி இறங்கியது. அதனால் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். பிடித்த இடம். அப்படி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை, மனசு யோசிக்காமல் நேராக அங்கேதான் போனது. எங்கள் ஊர்க் கடலில் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பாறைத்திட்டைப் பார் என்போம். எங்களுக்கு ஒரு பார் உண்டு. எங்களுக்கு என்றால் அப்பாவுக்கு, அப்பாவுக்குப் பிறகு எனக்கு. அதற்கு மேலே வள்ளத்தை நிறுத்தித் தூண்டிலை விட்டால் கயிறு நின்று, நடுங்கி, பிறகு ஒரே இழுப்பு, சிவந்த களவா மீன் ஏறி வரும்போது தண்ணீர் சிவப்பாகத் தெரியும். இதையெல்லாம் சொன்னேன். தப்புத்தப்பாகத்தான் சொன்னேன், ஆனாலும் அந்த அம்மா ரசித்துத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்தப் பாறை சரியாக எங்கே இருக்கிறது என்றாள். அவ்வளவுதான். என் வாய் மூடிக்கொண்டது. அவள் மறுபடி மெதுவாகக் கேட்டாள், எனக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு கையால் அபிநயம் பிடித்துக்கூடக் கேட்டாள். கரையிலிருந்து தூரமா, பக்கமா. எந்த ஊருக்கு நேராக. நான் சுவரைப் பார்த்தேன். மேசைமேல் பதிவுக்கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த மௌனத்துக்குத்தான் என்னை விழுத்தாட்டினார்கள்.

சொல்லக் கூடாது என்று நான் முடிவெடுக்கவில்லை, அதுதான் இவர்களுக்குப் புரியாது. யாராவது கண்ணுக்கு நேரே விரலை நீட்டினால் இமை மூடிக்கொள்கிறதே, அந்த மாதிரி. எங்கள் கரையில் கடலுக்கு இறங்குகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் சிலர் அன்றைக்குப் போகாமல் திரும்பிவிடுவார்கள். பிடித்துக்கொண்டு வந்தவனை எங்கே பிடித்தாய் என்று கேட்கலாம், அவன் கிழக்கே போயிருந்தால் மேற்கே என்பான், கேட்டவனும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போவான், பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும், ஒருத்தருக்கும் வருத்தம் இருக்காது. மீன் விற்கிற பெண்களே ஏலக்காரனிடம் கடலைத் திசை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். ஒரு தடவை எங்கள் வள்ளத்தின் பின்னாலேயே இன்னொரு வள்ளம் விளக்கை அணைத்துக்கொண்டு வந்தது. அப்பா பாருக்குப் போகாமல் சும்மா கிடந்த தண்ணீரில் வள்ளத்தை நிறுத்தித் தூண்டிலைப் போட்டார், அங்கே ஒரு குஞ்சு மீன்கூட இல்லை என்று அவருக்குத் தெரியும், வெயில் ஏறி உச்சிக்கு வருகிற வரை வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார், பின்னால் வந்தவர்களும் வெறும் தண்ணீரில் தூண்டில் போட்டு வெந்து சாம்பலாகித் திரும்பினார்கள். நாங்களும் வெறும் கையோடுதான் திரும்பினோம். அன்றைக்கு வீட்டில் அடுப்பெரிவதே பெரிய பாடு, ஆனால் அப்பா விசிலடித்துக்கொண்டு வந்தார். பாரைக் கண்டுபிடிக்கக் கணியம் பார்ப்போம். கரையில் தெரிகிற ஒரு பொருளையும் அதற்குப் பின்னால் தெரிகிற மலையில் ஒரு இடத்தையும் ஒன்றாக நேர் சேர்க்க வேண்டும், வேறொரு பக்கத்திலும் அப்படியே சேர்க்க வேண்டும், இரண்டும் ஒருசேர நேருக்கு வருகிற இடத்தில் பார் இருக்கும். எங்கள் பாருக்குக் கோயில் கோபுரச் சிலுவையை மலையின் எந்த மடிப்புக்கு நேராகச் சேர்க்க வேண்டும் என்றால், வேண்டாம். மனசுக்குள்ளேயும் வேண்டாம், இந்த ஹாலில் கேமரா வைத்திருக்கிறார்கள்.

மெற்றில்டாவிடம் நடந்ததைப் போனில் சொன்ன அன்றைக்கு அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள். “அந்தப் பாறைக்கு நம்ம ரேஷன் கார்டுல பேரு சேத்தாச்சா? இல்லேல்லா? எனக்கும் பிள்ளைக்கும் பேரு கெடக்குல்லா?” என்றாள். கோபத்தில் அவள் குரல் மேலே போகாது, கீழே இறங்கும், அதுதான் பயம். நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். “சொல்லிப் போட்டா என்ன குடிமுழுகிப் போவும்? அந்தப் பொம்பள வள்ளத்த எறக்கிக்கிட்டு இஞ்ச வரப்போறாளா?” என்றாள். அதுவும் நியாயம்தான். எல்லா நியாயமும் அவள் பக்கம் இருக்கிறது, நான் அதை எங்கேயும் மறுக்கவில்லை. நான் இல்லாமலே பிள்ளைக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டது. அபிஷா இப்போதெல்லாம் போனில் என்னிடம் ஒரு விருந்தாளியிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசுகிறாள், சாப்பிட்டீங்களாப்பா, அங்க குளிரா அப்பா, சரி வைக்கட்டுமா. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகும் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருப்பேன். பிறகு மெற்றில்டா பக்கத்து வீட்டு டீச்சரிடம் போய் எனக்காக ஒரு பதில் தயார் பண்ணி வாங்கிவந்தாள், உச்சரிப்புக்காக இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். எனக்குப் பிடித்த இடம் ஒரு பூங்கா. அங்கே ஊஞ்சல் இருக்கிறது, வாத்துகள் இருக்கின்றன, மாலையில் குடும்பத்தோடு போவேன், மனசுக்கு அமைதியாக இருக்கும். வலை இழுக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், மீன் குடலை எடுக்கும்போது சொல்லிப் பார்த்தேன், இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாத்து வரும். வாத்துகள் இருக்கின்றன. மாலையில் குடும்பத்தோடு போவேன். எந்த மாலை, எந்தக் குடும்பம். நான் என் குடும்பத்தோடு மாலையில் எங்கேயாவது போய் எத்தனை காலம் ஆயிற்று. பொய் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, அப்பா சொல்லாத பொய்யா. ஆனால் அந்தப் பொய் கடலைக் காப்பாற்றுகிற பொய், இந்த வாத்துப் பொய் யாரைக் காப்பாற்றுகிறது?

இன்னொன்றையும் இந்த நாற்காலியிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நானே. அந்தப் பார் இப்போது ரகசியமே இல்லை. போன வருஷம் சித்தப்பா மகன் போனில் சொன்னான், கடலடியைக் காட்டும் எதிரொலிக் கருவி வைத்த பெரிய போட்டுகள் அந்தப் பக்கம் வந்தனவாம், கண்டுபிடித்துவிட்டார்களாம், வாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம், இப்போது தூண்டில் போட்டால் கிழிந்த வலைத் துண்டு வருகிறதாம். அவன் அழாத குறையாகச் சொன்னான். நான் ம் கொட்டினேன். அப்படியானால் நான் எதைக் காக்கிறேன் என்று எனக்கே கேள்வி வருகிறது, படுக்கிற கட்டிலில் பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இதையே சுற்றிச் சுற்றி யோசித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து முட்டி நிற்கிறேன். மீன் போனது போகட்டும். சொல்ல மாட்டேன். விசாவுக்காக இவர்கள் கேட்ட எதை நான் கொடுக்காமல் இருந்தேன்? பத்து விரல் ரேகையையும் உருட்டிக் கொடுத்தேன். நெஞ்சுக்குள்ளே எக்ஸ்ரே எடுத்துக் கொடுத்தேன். அம்மா பிறந்த ஊர் கேட்டார்கள், குண்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டார்கள், முகத்தைத் திருப்பு என்றார்கள், கண்ணாடியைக் கழற்று என்றார்கள், சிரிக்காதே என்றார்கள், எல்லாவற்றுக்கும் சரி சரி என்றுதான் நின்றேன். ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, அதற்கு விலை இல்லை, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இருந்தாலும் அது என்னுடையது. அதைக் கேட்டால் தர மாட்டேன். ஸ்கிப்பரே தர மாட்டார். நன்றாகக் கிடைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் படகிலிருந்து ரேடியோவில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், எங்கே, ஒன்றும் இல்லை, எண்ணெய்க் காசுகூட வராது என்று அழுவார், அழுதுகொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். துறைமுகத்துக்குள் வருவதற்கு முன்னால் மீன் கிடைத்த இடங்களுக்குத் திரையில் போட்டிருக்கிற குறியெல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் வருவார். முதல் தடவை அதைப் பார்த்தபோதுதான் இந்த நாட்டில் எனக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கிறார் என்று தோன்றியது. ஆனால் வேலை செய்ய அனுமதி தருவதற்காக அவரிடம் யாரும் அந்தக் குறியைக் கேட்பதில்லை.

மிஸ்டர் சேசடிமை என்று கூப்பிடுகிறார்கள். அப்பா, உம்மைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் போகிறேன். எழுந்தால் முழங்கால் இன்னும் அலைக்கு வளைந்து கொடுக்கிறது. கதவு கனமான கதவு. உள்ளே வேறொரு அம்மா, வயது குறைவு, கழுத்தில் அட்டை தொங்குகிறது, அதே மாதிரி மேசை, அதே மாதிரி சிவப்பு விளக்கு. பெயர், ஊர், வேலை. சொல்கிறேன். ஆய் வருகிற இடத்திலெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு எஸ் என்கிறேன். எப்படி வந்தீர்கள் என்கிறாள், முதலாளி வண்டியில் என்கிறேன். ஓர் அட்டையை என் பக்கம் திருப்பி வைக்கிறாள். அடிக்கடி போக ஆசைப்படும் ஓர் இடம், அதைப் பற்றிப் பேசுங்கள். இவர்களிடம் வேறு கேள்வியே இல்லையா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி. மூச்சை இழுத்தேன். எனக்குப் பிடித்த இடம் ஒரு பூங்கா, அங்கே ஊஞ்சல் இருக்கிறது, வாத்துகள் இருக்கின்றன. நன்றாக ஓடியது, மெற்றில்டாவின் உச்சரிப்பிலேயே ஓடியது, அந்த அம்மா தலையாட்டிக்கொண்டு ஏதோ குறித்தாள். மாலையில் குடும்பத்தோடு போவேன் என்கிற இடத்துக்கு வந்தேன். வாய் அதற்கு மேலே போகவில்லை. மறந்துபோகவில்லை, முழுசாக ஞாபகம் இருக்கிறது. அபிஷாவை ஊஞ்சலில் உட்கார வைத்துப் பார்த்தேன், அவள் என்னைத் திரும்பிப் பார்த்து வைக்கட்டுமா என்றாள். போதும் என்று ஆகிவிட்டது. மன்னிக்கவும் மேடம் என்றேன், இது உண்மை இல்லை, நான் பூங்காவுக்குப் போனதே இல்லை, எனக்கு வாத்து தெரியாது என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். நான் போக ஆசைப்படும் இடம் கடலுக்கு அடியில் இருக்கிறது, ஒரு பாறை, என் அப்பாவின் பாறை என்றேன்.

“ஓ. அது எங்கே இருக்கிறது?”

“எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. போன தடவை அந்த அம்மா எங்கே எங்கே என்றுதான் கேட்டாள், மெற்றில்டாவும் ஏன் என்று கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும். நான் சொன்னேன். எங்கள் ஊரில் அதைக் கேட்கக் கூடாது என்றேன், நீங்கள் கேட்டது உங்கள் தப்பு இல்லை, உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்ளுங்கள் என்றேன். விளக்கை அணைத்துக்கொண்டு பின்னால் வந்த வள்ளத்தைச் சொன்னேன், அணைப்பதற்கு எனக்கு வார்த்தை வரவில்லை, விளக்கைக் கொன்றார்கள் என்றேன், அவளுக்குப் புரிந்தது. நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒன்றோடொன்று மோதின, அப்பா செத்தார் என்பதை அப்பா சாகிறார் என்றேன், திருத்தப் போனால் நின்றுவிடுவேன் என்று திருத்தவில்லை. ரேடியோவில் அழுகிற ஸ்கிப்பரைச் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை. என் மனைவி சொல்லிவிடு என்கிறாள், அவள் என்னைவிடப் புத்திசாலி, அவள் இங்கே வர வேண்டும், என் மகள் இங்கே வர வேண்டும், நான் இந்தப் பரீட்சையில் தேறித்தான் ஆக வேண்டும், ஆனாலும் சொல்ல மாட்டேன் என்றேன். அந்தப் பாறையில் இப்போது மீன் இல்லை, எல்லாம் போய்விட்டது, அப்படியும் சொல்ல மாட்டேன் என்றேன். என் குரல் இன்ஜினுக்கு மேலே பேசுகிற குரலாகிவிட்டது, வெளியே ஹாலில் அந்தப் பெண்ணுக்குக்கூடக் கேட்டிருக்கும். மேடம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, சரி, கரையிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு தூரம் என்றாவது சொல்லலாமா என்றாள். அவள் சும்மா கேட்டாளா, என்னைப் பேச வைக்கக் கேட்டாளா, தெரியவில்லை. முடியாது என்றேன். தூரத்தைச் சொன்னால் பாதி சொன்ன மாதிரி, நீங்கள் கெட்டிக்காரர், மீதியைக் கண்டுபிடித்துவிடுவீர்கள், அது ஏன் அப்படி என்றால் என்று கணியம் எப்படிப் பார்ப்பது என்பதை மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையையும் அவள் பேனாவையும் வைத்து விளக்க ஆரம்பித்தேன், எங்களுடைய கணியத்தை அல்ல, சும்மா ஒரு கணியத்தை, குவளைக்குப் பின்னால் ஜன்னல், பேனாவுக்குப் பின்னால் கதவு. அவள் பதிவுக்கருவியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். நேரம் முடிந்துவிட்டது மிஸ்டர் சேசடிமை, நன்றி, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாள்.

“நான் இன்னும் முடிக்கவில்லை” என்றேன்.